பதில் பேசாத நாயும் பீட்டர் சாலிஸோட குரலும்

1980கள் ஆரம்பத்துல, லண்டனுக்குப் பக்கத்துல பீக்கன்ஸ்ஃபீல்டுல இருக்குற நேஷனல் ஃபிலிம் ஸ்கூல்ல படிச்சிட்டிருந்த ஒரு பையன், டிவில நல்லா தெரிஞ்ச முகமா இருந்த ஒரு நடிகருக்கு லெட்டர் போடுறான். களிமண் பொம்மைய வெச்சு ஒரு படம் எடுத்துட்டிருக்கேன், அதுல வர்ற ஆளுக்கு நீங்க குரல் குடுக்கணும்னு. கதை என்னன்னா, வீட்ல சீஸ் தீர்ந்து போயிடுது, நிலாவே சீஸ்தானேன்னு ஒருத்தர் வீட்டு பேஸ்மென்ட்லயே ராக்கெட் கட்டி நாயக் கூட்டிக்கிட்டுக் கெளம்பிடுறாரு. அந்த நடிகருக்கு அப்பவே 60 தாண்டியாச்சு. யாருன்னே தெரியாத ஸ்டூடன்ட், யாரும் பாக்கப்போறாங்களான்னே தெரியாத படம். மனுஷன் சரின்னுட்டாரு. சம்பளமா தனக்குப் பிடிச்ச ஒரு தர்ம ஸ்தாபனத்துக்கு 50 பவுண்ட் குடுத்துடச் சொன்னாரு. பேசிக் குடுத்துட்டு அவர் பாட்டுக்கு அவர் வேலையப் பாக்கப் போயிட்டாரு. அப்புறம் ஒரு ஆறு வருஷம் அந்தப் படத்தப் பத்திப் பேச்சே இல்ல.

பையன் நிக் பார்க். நடிகர் பீட்டர் சாலிஸ். படம் எ கிராண்ட் டே அவுட், 1989ல வந்துச்சு. வாலஸ் அண்ட் க்ரோமிட்னு சொன்னா காதுலேர்ந்து காது வரைக்கும் விரியிற வாலஸோட அந்த வாயும், வாயே இல்லாத க்ரோமிட்ங்குற அந்த நாயும் நிறைய பேருக்கு ஞாபகம் வரும். அந்த வாய்க்குள்ள இருந்த ஆளப் பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா இருந்துச்சு, ஏன்னா அனிமேஷன்னா பொம்மையத்தான் எல்லாரும் பாராட்டுறாங்க, குரல் குடுத்தவர் பேரு கடைசில ஓடுற எழுத்துல போயிடுது. சாலிஸ் விஷயத்துல அது கொஞ்சம் அநியாயம்னே நெனைக்கிறேன்.

1921 பிப்ரவரி 1, ட்விக்கன்ஹாம்ல பொறந்தாரு. லண்டனோட தென்மேற்கு ஓரம். அப்பா பேங்க் மேனேஜர், ஒரே பையன், ஸ்கூல் முடிச்சதும் அப்பா வழியில பார்க்ளேஸ் பேங்க்ல வேலைக்குச் சேந்தாச்சு. அப்படியே விட்டிருந்தா லெட்ஜர் புரட்டியே ரிட்டையர் ஆயிருப்பாரு. ரெண்டாம் உலகப்போர் வந்துச்சு, ஏர்ஃபோர்ஸ்ல சேந்தாரு, ஆனா உடம்புல ஒரு கோளாறு, உயரத்துல போனா மயக்கம் போட்டுருவீங்கன்னு சொல்லி விமானத்துல ஏத்தவே இல்ல. கீழயே வயர்லெஸ் மெக்கானிக். அப்புறம் க்ரான்வெல் ஏர்ஃபோர்ஸ் தளத்துல பசங்களுக்கு ரேடியோ விஷயங்கள் சொல்லிக் குடுக்குற வேலை. அங்கதான் அவர்கிட்ட படிச்ச ஒருத்தர், நாங்க ஒரு நாடகம் போடுறோம், நீங்க மெயின் ரோல் பண்ணுங்கன்னு கூப்பிடுறாரு. நோயல் கவர்டோட ஹே ஃபீவர். மேடை ஏறினாரு, அவ்வளவுதான், போர் முடிஞ்சதும் பேங்குக்குத் திரும்பிப் போகல. ஸ்காலர்ஷிப் வாங்கி ராடாவுல, அதாங்க லண்டன் ராயல் அகாடமி, அங்க நடிப்புப் படிச்சு, 1946ல தொழில்முறை நடிகரா மேடையேறிட்டாரு.

அதுக்கப்புறம் ஒரு 25 வருஷம் அவர் செஞ்சதெல்லாம் பாத்தா, எல்லாப் பெரிய ஆளுங்க பக்கத்துலயும் நிக்கிறாரு, ஆனா ஃபோகஸ் அவர் மேல இருக்காது. 1955ல ஆர்சன் வெல்ஸ் லண்டன்ல மோபி டிக்கை நாடகமாப் போட்டப்ப அந்தக் கூட்டத்துல ஒருத்தர். 1965ல பிராட்வேல ஷெர்லக் ஹோம்ஸ் மியூசிக்கல் ஒண்ணு வந்துச்சு, பேக்கர் ஸ்ட்ரீட்னு, அதுல இவர்தான் டாக்டர் வாட்சன். கவனிங்க, ஹோம்ஸ் இல்ல, வாட்சன். 1968ல லண்டன்ல கேபரே போட்டப்ப சாலி பௌல்ஸா ஜூடி டென்ச், பழக்கடை வெச்சிருக்குற வயசான யூதர் ஹெர் ஷுல்ட்ஸா இவர். 1967ல டாக்டர் ஹூங்குற டிவி சீரியல்ல கோச்சுக்கிட்டு வெளிய போன சயின்டிஸ்ட். 1970ல ஹேமர்ங்குற பேய்ப்பட கம்பெனியோட ஒரு டிராகுலா படம். அதுலயும் டிராகுலா கிறிஸ்டோஃபர் லீதான், இவரில்ல. நாம குணச்சித்திர நடிகர்னு சொல்லுவோமே, அந்த வகையறா. தெருவுல பாத்தா, இவர எங்கயோ பாத்திருக்கேனேன்னு மூஞ்சி ஞாபகம் இருக்கும், பேரு நாக்குல வராது. நல்ல உயரம் கிடையாது, கர்ஜிக்கிற குரல் கிடையாது. அந்தக் குரல் எப்பவுமே ஒரு சின்ன சந்தேகத்தோட வரும், சொல்றத சொல்லிட்டு சொல்லலாமா வேணாமான்னு யோசிக்கிற மாதிரி.

அந்த சந்தேகத்துக்குத்தான் 1973ல வேலை கெடச்சுது. ராய் க்ளார்க் எழுதுன லாஸ்ட் ஆஃப் தி சம்மர் வைன்ங்குற காமெடி டிவி சீரியல். யார்க்ஷயர் மலைப்பக்கம் ஹோம்ஃபர்த்ங்குற சின்ன ஊர்ல வேலைவெட்டி இல்லாத மூணு பெரிசுங்க சுத்துறாங்க, மலைமேல உக்காந்து பேசுறாங்க, ஓடாத வண்டில ஏறி சரிவுல உருண்டு விழுறாங்க, கதைன்னு பாத்தா அவ்வளவுதான். அதுல நார்மன் க்ளெக் சாலிஸ். கோஆப்பரேட்டிவ் கடைல தரைக்கு விரிக்கிற லினோலியம் வித்துட்டிருந்தவரு, பொண்டாட்டி செத்துட்டா, இப்ப எதுலயும் மாட்டிக்காம இருந்தாப் போதும்னு வாழுறவரு. ஒரு எபிசோடுக்கு நாலஞ்சு தடவையாவது வாழ்க்கையப் பத்தி ஏதோ ஒண்ணு முனகுவாரு, யாரும் கண்டுக்க மாட்டாங்க. 1973லேர்ந்து 2010 வரைக்கும், 31 சீரிஸ், 295 எபிசோடு, ஒண்ணு விடாம எல்லாத்துலயும் இருந்த ஒரே ஆள் இவர்தான். உண்மையச் சொன்னா கடைசிப் பத்துப் பதினஞ்சு வருஷ எபிசோடெல்லாம் என்னால பொறுமையா உக்காந்து பாக்க முடியல, ஒரே ஜோக்க வேற வேற பாத்டப்ல ஏத்தி மலைலேர்ந்து உருட்டி விடுறாங்க. 70கள்ல வந்தது வேற ரகம், அதுல பேச்சுதான் எல்லாம்.

அந்த ஆரம்பக் கூட்டணியே ஒரு கூத்து. கந்தல் துணில காம்போங்குற பாத்திரமா வந்த பில் ஓவன் லேபர் கட்சிக்காரர், பக்கா இடதுசாரி. மூணாவது ஆளு மைக்கேல் பேட்ஸ், அப்படியே நேரெதிர் கன்சர்வேட்டிவ். ஷூட்டிங் ஆரம்பத்துலயே ரெண்டு பேரும் அரசியல் பேசி அடிச்சிக்கிட்டதுல சீரியலே நின்னுடுமோன்னு ஆயிடுச்சாம். (இந்த மைக்கேல் பேட்ஸ் பொறந்தது நம்ம ஜான்சில. இட் ஐண்ட் ஹாஃப் ஹாட் மம்னு இன்னொரு சீரியல்ல மூஞ்சிக்கு மை பூசிக்கிட்டு இந்தியரா நடிச்சவரும் இவரே, அதுக்குத் தனியா ஒரு பதிவு போட்டுத் திட்டணும்.) அந்தச் சண்டையெல்லாம் தாண்டி சீரியல் ஓடுச்சு. பேட்ஸ் உடம்பு சரியில்லாம வெலகினாரு, அவர் எடத்துக்கு வேற வேற ஆளுங்க வந்தாங்க போனாங்க, சாலிஸ் மட்டும் அங்கயே.

இதுல ஒரு விஷயம். சாலிஸ் யார்க்ஷயர்காரர் இல்ல. பில் ஓவனும் இல்ல, அவரும் லண்டன்தான். பேங்க் மேனேஜர் பையனுக்கு அந்த வடக்கத்திப் பேச்சு வேலைக்காக ஏத்திக்கிட்டது. நிக் பார்க்குக்கு அது தெரியும், ஆனா அவருக்கு வேண்டியிருந்தது யார்க்ஷயர் கூட இல்ல, லங்காஷயர். பார்க் பொறந்தது பிரெஸ்டன், வாலஸ் வீடு விகன், ரெண்டுமே பழைய லங்காஷயர் ஊருங்க. வாலஸ்ல தன்னோட அப்பாவ நெறையப் பாக்குறதா பார்க்கே சொல்லியிருக்காரு, அவரும் எப்பவும் எதையாவது தட்டிக் கொட்டிச் செஞ்சுட்டே இருப்பாராம். ஆனா சாலிஸுக்கு லங்காஷயர் வரல, தனக்கு வர்றது யார்க்ஷயர்தான்னுட்டாரு. சரி அதுவே இருக்கட்டும்னு விட்டுட்டாங்க. அந்த ரெண்டு கவுன்ட்டிக்கும் ஆகாது, ரோஜாப்பூ யுத்தம்னு பேரு வெச்சு 15ஆம் நூற்றாண்டுலேர்ந்து வர்ற பகை, இப்ப கிரிக்கெட் மேட்ச்சுல தீத்துக்குறாங்க. அப்படியிருக்க விகன்காரர் ஒருத்தர் யார்க்ஷயர்ல பேசுறாரு, அதையும் பேசுறது லண்டன்காரர், மொத்த இங்கிலாந்தும் ஆமா இதுதான் நம்ம வடக்கத்திக் குரல்னு ஏத்துக்கிச்சு.

இனிமே எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. நம்ம ஊர் சினிமால டப்பிங்னா ஷூட்டிங் முடிஞ்சப்புறம், திரைல வாய் அசையிறதப் பாத்துப் பேசணும். இந்தக் களிமண் அனிமேஷன்ல அது தலைகீழ். குரல் முதல்ல. பேசினத எடுத்து, எந்த ஃப்ரேம்ல எந்த சத்தம் வருதுன்னு பிரிச்சு சார்ட் போட்டு, அந்த சார்ட்டப் பாத்து பொம்மையோட வாய மாத்தி மாத்தி ஃபோட்டோ எடுக்கணும். செகண்டுக்கு 24 ஃப்ரேம், ஒரு போஸ ரெண்டு ஃப்ரேமுக்கு வெச்சா கூட 12 போஸ். ஒரு அனிமேட்டர் காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் முதுகு ஒடிய நின்னாலும் சில செகண்ட் தேறினா பெருசு. அப்ப, நடிகர் ஒரு வார்த்தைய எப்படி இழுத்தாரோ, எங்க மூச்சு விட்டாரோ, அதோட தலையெழுத்துல அனிமேட்டர் நாள் கணக்கா வாழணும்.

சாலிஸ் மைக்ல சீஸ்னு சொன்ன விதம் இருக்கே, அத ஈஈஈன்னு ரெண்டு பக்கமும் இழுத்துச் சொன்னாரு. அதுக்கு ஏத்த மாதிரி பொம்மைக்கு வாய் போடணும்னா கன்னத்த ரெண்டு பக்கமும் தள்ளியாகணும். பார்க் முதல்ல வரைஞ்சு வெச்சிருந்த வாலஸ் வேற ஆளு, மீசையெல்லாம் இருந்துச்சு. அந்தக் குரலக் கேட்டு வாய வெச்சு வெச்சுத்தான் கோட்ஹேங்கர வாயில மாட்டின மாதிரியான அந்த அகலச் சிரிப்பு வந்துச்சு. பிற்பாடு நிக் பார்க் படமெடுத்த ஆர்ட்மேன் கம்பெனியோட நிறையப் பொம்மைக்கு அந்த வாய்தான் அடையாளம், சிக்கன் ரன் கோழிங்க வரைக்கும். கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க, ஒரு ஸ்டுடியோவோட முக ஜாடை, 50 பவுண்டுக்குப் பேசின ஒரு மனுஷன் உயிரெழுத்த இழுத்ததுலேர்ந்து வந்திருக்கு.

இன்னொரு முடிவும் அப்பதான் எடுத்தாங்க, அதுதான் சாலிஸோட வேலைய மொத்தமா மாத்துச்சுன்னு எனக்குத் தோணுது. க்ரோமிட்டும் பேசுறதாத்தான் இருந்துச்சு, பீட்டர் ஹாக்கின்ஸ்னு இன்னொரு பழுத்த குரல் நடிகரப் பேச வைக்கவும் யோசிச்சிருந்தாங்க. (டாக்டர் ஹூல டாலெக்குங்க பேசுமே, அந்த மெஷின் குரல ஆரம்பத்துல குடுத்தவங்கள்ல ஒருத்தர்.) ஆனா பொம்மைய அசைக்க ஆரம்பிச்சப்ப பார்க்குக்குப் புரிஞ்சுபோச்சு, அந்தப் புருவத்த லேசா ஏத்தி இறக்கினாலே நாய் என்ன நெனைக்குதுன்னு தெரியுது, வாய் எதுக்கு. வாய எடுத்துட்டாரு. சரி, நாய்க்கு அது லாபம். ஆனா குரல் குடுக்குறவருக்கு? எதிர்ல பதில் சொல்ல ஆளில்ல. மொத்தப் படத்துலயும் பேசுற பாரம் ஒரே தலைல. முதல் படத்துல பேசுறது வாலஸ் மட்டும்தான். ரெண்டாவது படம் த ராங் ட்ரௌசர்ஸ்லயும் அப்படியே, அதுல வில்லனா வர்ற பென்குவினும் வாயத் திறக்காது.

தனியாப் பேசுற ஆளு சீக்கிரம் போரடிச்சிருவான், இல்லன்னா லூசு மாதிரி ஆயிடுவான். சாலிஸ் அதுல மாட்டல. ஒவ்வொரு வரிக்கு அப்புறமும் எதிர்ல இருக்குறவன் ஏதோ சொன்ன மாதிரி ஒரு சின்ன எடம் விடுவாரு. அதுக்கடுத்த வரி அந்தச் சொல்லாத பதிலுக்குப் பதிலா வரும். அந்த எடத்துலதான் க்ரோமிட் புருவத்த ஏத்துது. க்ரோமிட்டோட நடிப்புன்னு நாம பாராட்டுறதுல பாதி சாலிஸ் விட்ட இடைவெளி. டிவில க்ளெக்கா பத்து வருஷம், யாரும் காதுல வாங்காத வசனத்தப் பேசிப் பேசி வந்த பழக்கம்னும் சொல்லலாம், அது என் கணிப்பு.

ராங் ட்ரௌசர்ஸ்ல அந்த மெஷின் பேன்ட் காலைல வாலஸத் தூக்கிக்கிட்டு ஓடுற எடம் ஞாபகம் இருக்கா. இது தப்பான பேன்ட்டு, அதுவும் தப்பாப் போயிடுச்சுன்னு கத்துவாரு. வேற எந்த நடிகர்கிட்ட குடுத்திருந்தாலும் அலறியிருப்பாங்க, கார்ட்டூனு தானேன்னு. இவர் கத்துறதுல கூட ஒரு மரியாதை இருக்கும், பக்கத்து வீட்டுக்காரங்க எந்திரிச்சுடப் போறாங்கன்னு பயந்துக்கிட்டே கத்துற மாதிரி. அது நடுத்தர வர்க்கத்துக் குரல், பேங்க் கவுண்டருக்குப் பின்னாடி உக்காந்த குரல். காமெடியே அங்கதான் இருக்கு.

மூணாவது படம் எ க்ளோஸ் ஷேவ், 1995. இதுல கடைசியா வாலஸுக்குப் பதில் பேச ஒரு ஆளு கெடைக்கிறா, கம்பளி நூல் கடை வெச்சிருக்குற வெண்டலீன், குரல் ஆன் ரீட். ரெண்டு பேரும் கூச்சப்பட்டுப் பேசிக்கிறது அவ்வளவு அழகு, 70 தாண்டின மனுஷன் குரல்ல அந்தத் தடுமாற்றம். ஆனா வெண்டலீனுக்கு சீஸ் ஒத்துக்காது. வென்ஸ்லிடேல்னு ஒரு சீஸ், அது கூடவா ஆகாதுன்னு வாலஸ் கேப்பாரு பாருங்க, கல்யாணமே நின்னுபோன மாதிரி.

அந்த வென்ஸ்லிடேல் கதை தனி. பார்க் அந்த சீஸத் தேர்ந்தெடுத்ததுக்குக் காரணம், அதச் சொல்லும்போது பொம்மையோட வாய் நல்லா பல்லத் தெரிய விரியும், அவ்வளவுதான். நிஜத்துல யார்க்ஷயர் ஹாஸ் ஊர்ல அத செய்யிற க்ரீமரிய 1992ல மூடிட்டாங்க. முதலாளி கம்பெனி தயாரிப்பக் கொண்டுபோய் வெச்ச எடம் எது தெரியுமா, லங்காஷயர்! அங்க வேலை பாத்த மேனேஜருங்களே சேந்து அத விலைக்கு வாங்கித் திரும்பத் தொறந்தாங்க, ஆனா வியாபாரம் இழுபறிதான். அந்த நேரத்துல க்ளோஸ் ஷேவ் வந்து விற்பனை ஏறுச்சு, வாலஸ் படம் போட்ட வென்ஸ்லிடேல் இப்பவும் விக்கிறாங்க. லங்காஷயர்காரர் வேஷத்துல யார்க்ஷயர் பேச்சுப் பேசி யார்க்ஷயர் சீஸக் காப்பாத்துனது ட்விக்கன்ஹாம் ஆளு.

விருதுங்களப் பத்தி ரொம்ப இழுக்க வேணாம். முதல் படம் ஆஸ்கருக்குப் போய்த் தோத்துச்சு, ஜெயிச்சது நிக் பார்க்கோட இன்னொரு குட்டிப் படம், க்ரீச்சர் கம்ஃபர்ட்ஸ். ராங் ட்ரௌசர்ஸுக்கும் க்ளோஸ் ஷேவுக்கும் ஆஸ்கர். 2005ல முழுநீளப் படம் த கர்ஸ் ஆஃப் த வேர் ராபிட், அதுக்கும் ஆஸ்கர். அந்தப் படத்துல ரால்ஃப் ஃபைன்ஸ், ஹெலனா பான்ஹம் கார்ட்டர்னு பெரிய ஆளுங்க பேசியிருக்காங்க, ஆனா அப்ப 84 வயசு ஆன சாலிஸ்தான் ஹீரோ. வாட்சனாவே நின்ன மனுஷனுக்கு அந்த வயசுல ஹாலிவுட் போஸ்டர். தன்னோட சுயசரிதைக்கு அவர் வெச்ச பேரு ஃபேடிங் இன்டு த லைம்லைட், வெளிச்சத்துக்குள்ள மங்கிப் போறதுன்னு வெச்சுக்கலாம், அந்தக் கிண்டல் க்ளெக் பேசுற மாதிரியே இருக்கும்.

வாலஸ் மட்டும்தான் குரல் வேலைன்னு நெனைச்சிடாதீங்க. 1983ல மான்செஸ்டர் காஸ்க்ரோவ் ஹால் கம்பெனி த விண்ட் இன் த வில்லோஸ பொம்மைப் படமா எடுத்துச்சு, அப்புறம் அது சீரியலா ஓடினப்ப, ஆத்தங்கரை எலி ரேட்டிக்கு இவர் குரல். அதுல யார்க்ஷயர் கெடையாது, சுத்தமான தெற்கத்திப் பேச்சு, படகு ஓட்டுற ஒரு நாகரிகமான எலி. வாலஸக் கேட்டுட்டு உடனே ரேட்டியக் கேளுங்க, ஒரே ஆளுன்னு சொன்னாத்தான் நம்புவீங்க, ஆனா அந்த இடைவெளி விடுற பழக்கம் ரெண்டுலயும் இருக்கும்.

கடைசி வருஷங்கள்ல கண்ணு போயிடுச்சு, மாக்குலர் டிஜெனரேஷன், விழித்திரையோட நடுப்பகுதி கெட்டுப்போற வியாதி. எழுத்து படிக்க முடியாத நடிகர். அந்த வியாதிக்காரங்களுக்காக பிபிசி ரேடியோல நிதி கேட்டும் பேசியிருக்காரு. 2008 கிறிஸ்மஸ் அன்னைக்கு பிரிட்டன்ல வந்த எ மேட்டர் ஆஃப் லோஃப் அண்ட் டெத் தான் வாலஸா அவர் பேசின கடைசிப் படம், அந்த வருஷ கிறிஸ்மஸ்ல அங்க அதிகம் பேர் பாத்தது அதத்தான். சம்மர் வைன்ல வயசானதால இன்ஷூரன்ஸ் செலவு கட்டுபடியாகாம அவர வீட்டுக்குள்ள எடுக்குற சீன்ல மட்டும் வெச்சாங்க. 2010 ஆகஸ்ட்ல அந்த சீரியலோட கடைசி எபிசோட்ல கடைசி வசனம் அவருக்குத்தான், கதவப் பூட்டினேனான்னு ஒரு கேள்வி. 37 வருஷ சீரியலுக்கு இதவிடப் பொருத்தமா யாரும் முடிச்சிருக்க முடியாது, பெரிய டயலாக் எதுவும் இல்லாம. 2017 ஜூன் 2, லண்டன்ல நடிகர்களுக்கான டென்வில் ஹால் முதியோர் இல்லத்துல எறந்தாரு, 96 வயசு. பொதைச்சது ஹோம்ஃபர்த் பக்கத்துல, பில் ஓவன் பக்கத்துலயே, ரெண்டு லண்டன்காரங்களும் யார்க்ஷயர் மண்ணுல.

இப்ப வாலஸுக்குக் குரல் பென் வைட்ஹெட். 2024ல வந்த வெஞ்சன்ஸ் மோஸ்ட் ஃபௌல்ல அவர்தான். அதுக்கு முன்னாடியும் விளம்பரம், சின்னச் சின்ன வேலைங்கன்னு வாலஸா பல வருஷமாப் பேசிட்டிருந்தவருதான். நல்லாவே பண்ணியிருக்காரு, அந்த ஈஈ இழுப்பு அச்சு அசல். ஆனா என் காதுக்கு அவர் கொஞ்சம் சுறுசுறுப்பா இருக்காரு, நிறுத்துற எடத்துல நிறுத்தாம அடுத்த வரிக்கு ஓடுறாரு. ஒருவேளை இப்ப படத்தோட வேகமே அப்படித்தானோ என்னவோ. இதுவரைக்கும் எதுவுமே பாக்காதவங்க ராங் ட்ரௌசர்ஸ்ல ஆரம்பிங்க, அரை மணி நேரந்தான். ரெண்டாவது தடவை பாக்கும்போது படத்தப் பாக்காம குரல மட்டும் கேளுங்க, க்ரோமிட் எங்கெல்லாம் பதில் சொல்லுதுன்னு தெரியும்.